சார் டீ குடிக்கிறாரு, கையெழுத்து போடுறாரு... இதுல நான் என்னத்த கத்துக்கறது?

கேள்வி: வணக்கம் மேடம். சேலத்துல ஒரு தனியார் கலை அறிவியல் காலேஜ்ல 9 வருஷமா கெமிஸ்ட்ரி அசிஸ்டன்ட் புரொபசரா இருக்கேன். அடுத்த வருஷம் வைஸ் பிரின்சிபால் பொறுப்பு குடுக்கலாம்னு பேச்சு. அதுக்கு முன்னாடி நிர்வாகம், லீடர்ஷிப் எல்லாம் பாத்துட்டு வாங்கன்னு ஒரு யுனிவர்சிட்டி பதிவாளர்கூட 6 வாரம் இருக்க எங்க செக்ரட்டரி அனுப்பி வெச்சிருக்காரு. 12 நாள் ஆச்சு. அவரு ஃபைல்ல கையெழுத்து போடுறாரு, போன் பேசுறாரு, டீ குடிக்கிறாரு, வர்றவங்ககிட்ட வாங்க உக்காருங்கன்றாரு, அவ்ளோதான். லீடர்ஷிப்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கண்ணுல படல. செக்ஷன்ல இருக்கறவங்க என்னைய 'சாரோட பேக்'னு, அதாவது அவரு போற எடமெல்லாம் கூடவே தொங்கிக்கிட்டு போற பைன்னு கிண்டல் பண்றாங்க. காலேஜ்ல ஸ்டாஃப் ரூமுக்குப் போனா விடைத்தாள் திருத்தற வேல்யூவேஷன் கேம்ப் எங்க போடுறாங்க, இன்ஸ்பெக்ஷன் கமிஷன்ல யாரு வர்றாங்கன்னு நச்சரிக்கறாங்க. மீதி நாள் போறது வேஸ்ட்டா? கடைசி நாள் அவருக்கு என்ன வாங்கிட்டுப் போகணும்னும் சொல்லுங்க. பேரு போட வேண்டாம்.

பதில்: தம்பி, மொதல்ல மேடம் வேண்டாம். துணைப் பதிவாளரா இருந்து ரிட்டையர் ஆகி 4 வருஷம் ஆச்சு, இப்ப சூரமங்கலம் உழவர் சந்தையில கீரைக்காரம்மா 'ஏங்கக்கா'ன்னுதான் கூப்பிடுது, நீங்களும் அக்கான்னே சொல்லுங்க. உங்க லெட்டர மொத தடவ படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, ரெண்டாவது தடவ படிச்சப்ப என் கதையே ஞாபகம் வந்துச்சு, ஏன்னா நானும் இதே மாதிரி ஒரு பதிவாளர் ரூம்ல ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன். அப்ப இப்படி கூடவே இருந்து கத்துக்கறதுக்கு ஷேடோயிங்னெல்லாம் பேரு கிடையாது, அவரோட பி.ஏ. பிரசவ லீவுல போயிட்டாங்க, ஆளு இல்ல, நான் சூப்பிரண்டெண்டா இருந்தேன், தூக்கிட்டு வந்து உக்கார வெச்சுட்டாங்க. எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காதீங்க.

மொத பத்து நாள் நானும் உங்கள மாதிரிதான் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். எப்படி பேசுறாரு, எப்ப கோவப்படுறாரு, எப்படி நடக்குறாருன்னு. அதுல ஒண்ணும் இல்ல தம்பி. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இனிமே ஆளைப் பாக்காதீங்க, ஃபைலைப் பாருங்க. அவரு டேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு, அவரு என்ன எழுதுனாரு, அவரு டேபிள விட்டு போனப்புறம் அதுக்கு என்ன ஆச்சு. நீங்க தேடுற லீடர்ஷிப் அந்த ரோட்டுலதான் கிடக்கு.

'ஒண்ணும் பெருசா பண்ணலயே'ன்னு எழுதியிருக்கீங்கள்ல, அதுக்கு ஒண்ணு சொல்றேன். கனடாவுல ஹென்றி மின்ட்ஸ்பெர்க்னு ஒரு மேனேஜ்மென்ட் புரொபசர், அவரு உங்க வேலையத்தான் பண்ணாரு, 5 தலைமை அதிகாரிங்க பின்னாடி ஆளுக்கு ஒரு வாரம் நோட்டும் கையுமா சுத்தி என்னென்ன பண்றாங்கன்னு நிமிஷக் கணக்குல எழுதி 1973ல புத்தகமா போட்டாரு. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் ஆஸ்பத்திரி நடத்துறவரு, ஒருத்தர் பள்ளிக்கூட நிர்வாகத்த பாத்துக்கறவரு. பெரிய பெரிய திட்டம் போட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சா, அவங்க செஞ்ச வேலையில பாதி 9 நிமிஷம் கூட நீடிக்கல, ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்தது பத்துல ஒண்ணுதான். போன், திடீர்னு கதவ தட்டி வர்ற ஆளு, இப்படித்தான் நாள் துண்டு துண்டா போச்சு. அதனால உங்க சார் டீ குடிக்கிறாரு போன் பேசுறாருன்னு நீங்க பாத்தது சரியாத்தான் பாத்திருக்கீங்க, அந்த வேலையோட உருவமே அதுதான், ஒவ்வொரு 9 நிமிஷத்துலயும் எத கையில எடுக்கறாரு எத தள்ளி வெக்கறாருன்றதுதான் நீங்க இன்னும் பாக்கல. இன்னொண்ணு, இந்த மாதிரி கூடவே இருந்து பாத்துக்கறது எடுபிடி வேலைன்னு நெனச்சுக்காதீங்க. அமெரிக்காவுல அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்னு ஒரு அமைப்பு 1965ல இருந்து இதையே ஒரு திட்டமா நடத்துது, ஒரு காலேஜ் ஆளை எடுத்து வேற யுனிவர்சிட்டி பிரசிடென்ட்கூட உக்கார வெச்சுடுவாங்க. நம்ம மத்திய அரசும் 2018ல லீப்னு புரொபசர்களுக்கு ஒரு லீடர்ஷிப் டிரெயினிங் ஆரம்பிச்சாங்க. அங்கெல்லாம் இது மரியாதையான விஷயம், நம்ம ஊர்லதான் 'பேக்'.

சரி ஃபைலுக்கு வருவோம். காலையில தபால் வரும்ல, சார் அதைப் பிரிச்சு மார்க் பண்ணி செக்ஷனுக்கு அனுப்புவாருல்ல, அதுல சின்னதா ஒரு தபால புடிச்சுக்கோங்க, பெருசு வேண்டாம், ஏதோ ஒரு காலேஜ் ஒரு பையனோட இனிஷியல் மாத்தணும்னு கேட்டு எழுதியிருக்கும் பாருங்க அந்த மாதிரி. அது கூடவே போங்க. அசிஸ்டன்ட் அதை தன்பதிவேட்டுல, அதான் தன்கிட்ட வந்த தபாலையெல்லாம் குறிச்சு வெக்கற நோட்டுல, ஏத்தறது, குறிப்பு எழுதறது, சூப்பிரண்டெண்ட், ஏ.ஆர். (உதவிப் பதிவாளர்), டி.ஆர். (துணைப் பதிவாளர்)னு ஒவ்வொரு படியா ஏறி சார்கிட்ட வர்றது, அவரு பச்ச மையில கையெழுத்து போடுறது, அப்பறம் ஃபேர் காப்பி, டிஸ்பேட்ச். எத்தன நாள் எந்த டேபிள்ல தூங்குச்சுன்னு குறிச்சு வையுங்க. ரெண்டு வாரத்துல உங்களுக்கு அந்த ஆபீஸ் எக்ஸ்ரே மாதிரி தெரிஞ்சுரும். செக்ஷன்ல போய் உக்காந்து 'இது எனக்குப் புரியல, சொல்லிக்குடுங்க'ன்னு கேளுங்க, 'பேக்'னு சொன்ன அதே ஆளு உங்களுக்கு நோட் எழுதக் கத்துக்குடுப்பாரு. அவங்க கிண்டல் பண்றது நீங்க பெரிய ரூம்லயே உக்காந்திருக்கறதால, வேற ஒண்ணும் இல்ல.

எனக்கு இது புரிஞ்சது ஒரு பொண்ணாலதான். சேர்வராயன் மலையில ஏற்காட்டுக்கும் உள்ள தள்ளி ஒரு கிராமம், டிகிரி சர்டிஃபிகேட்ல பேருல ஒரு எழுத்து தப்பு, அத திருத்தறதுக்கு மூணாவது தடவையா வந்து நிக்குது. கிராமத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் நடையும் ஜீப்புமா வந்து, அப்பறம் 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி, சேலத்துல இன்னொரு பஸ் மாறி வரணும். ஏதோ வேலைக்கு சர்டிஃபிகேட் காட்டணுமாம், அழுவுற மாதிரி நிக்குது. நான் உள்ள கூட்டிட்டுப் போனேன், சார் கேட்டுக்கிட்டாரு, அந்த ஃபைல கொண்டாங்கன்னு சொல்வாருன்னு நெனச்சேன், அவரு 'அந்த சீட்டோட தன்பதிவேட்ட கொண்டாங்க'ன்னாரு, சீட்டுன்னா அந்த வேலையப் பாக்கற அசிஸ்டன்ட்டோட இடம். கொண்டாந்து எண்ணிப் பாத்தா அந்த மாதிரி ஒரு மாசத்துக்கு மேல கிடக்கறது மட்டும் 60க்கு மேல. ஏன்னு தோண்டுனா, அந்த அசிஸ்டன்ட் 8 மாசமா ரெண்டு சீட்டு வேலைய ஒத்தையா பாத்துக்கிட்டு இருக்காரு, பக்கத்து சீட்டு காலி, அத நிரப்பச் சொல்லி சூப்பிரண்டெண்ட் போட்ட நோட்டு எங்க ரூம்லயே, எங்க பீரோவுலயே கிடக்குது.

அவரு அந்த அசிஸ்டன்ட்ட கூப்பிட்டு ஒரு வார்த்த திட்டல. எங்க ஆபீஸ்ல ரெண்டு டைப்பிஸ்ட் இருந்தாங்க, ஒருத்தர அன்னிக்கு சாயந்தரமே அந்த செக்ஷனுக்கு மாத்திட்டாரு. அதுக்கப்பறம் நான் அங்க இருந்த வரைக்கும் மீதி டைப்பிங் யாரு அடிச்சான்னு கேக்கறீங்களா, நான்தான். கவுன்டர்ல அப்ளிகேஷன் வாங்குனா தேதி போட்டு ஒரு ரசீது குடுக்கணும், அந்தத் தேதிக்கு முடியலன்னா ஏன்னு எழுதி ஏ.ஆர்.கிட்ட போகணும்னு ஒரு சர்க்குலர் போட்டாரு. அந்த 60ம் பத்து நாள்ல முடிஞ்சுது.

ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு வெறுங்கையோடதான் மலை ஏறுச்சு தம்பி. நாலு நாள் கழிச்சு ரிஜிஸ்டர் தபால்ல போச்சு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, சாயந்தரம் கேட்டே கேட்டுட்டேன், நீங்க நெனச்சிருந்தா அரை மணி நேரத்துல போட்டு குடுத்திருக்கலாமே சார்னு. அதுக்கு அவரு சொன்னாரு, 'இன்னிக்கு இந்த ரூம்ல வெச்சு குடுத்தா நாளைக்கு வாசல்ல அறுவது பேரு நிப்பாங்கம்மா, வாசலுக்கு வர பஸ் காசு இல்லாதவங்க ஊர்லயே இருப்பாங்க'ன்னு. அவரு சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா இன்னிக்கு வரைக்கும் எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல, ரெண்டையும் பண்ணியிருக்கலாம்னுதான் தோணுது. இத ஏன் சொல்றேன்னா, நீங்க யார் பின்னாடி சுத்துறீங்களோ அவரு பண்றது எல்லாமே சரின்னு எழுதிக்கிட்டு வராதீங்க. நோட்டுல ஒரு பக்கம் அவரு பண்ணது, எதிர் பக்கம் நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு எழுதுங்க. எனக்கு அந்த எதிர் பக்கம்தான் பின்னாடி உதவுச்சு.

அப்பறம் அவரு ஃபைல்ல என்ன எழுதறாருன்னு பாருங்க. சில பேரு வெறும் கையெழுத்து போடுவாங்க. சில பேரு 'பேசவும்'னு ஒரு வார்த்த எழுதி திருப்பி அனுப்புவாங்க, அது ரெண்டு அர்த்தத்துல வரும், நெஜமாவே பேசணும்னு இருக்கும், இல்லன்னா இத நான் தொட விரும்பல, கொஞ்ச நாள் சுத்தட்டும்னு இருக்கும். எது எதுன்னு கண்டுபுடிக்கறது தனி வித்தை. நல்ல அதிகாரி ஒரு முடிவு எடுத்தா காரணத்தோட ரெண்டு வரி எழுதுவாரு. ஏன்னா அஞ்சாறு வருஷம் கழிச்சு உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரங்க வந்து அந்த ஃபைல எடுத்து வெச்சுக்கிட்டு, இந்தச் செலவுக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு ஒரு ஆடிட் பாரா, அதான் தணிக்கை ஆட்சேபணை, போடுவாங்க, அப்ப இவரும் இருக்க மாட்டாரு, நீங்களும் இருக்க மாட்டீங்க, எவனோ ஒரு புது அசிஸ்டன்ட் பதில் எழுதணும். அவனுக்காக இன்னிக்கே ரெண்டு வரி எழுதி வெக்கறவரு இருக்காரு பாருங்க, அவரத்தான் நான் பெரிய ஆளுன்னு சொல்லுவேன். மேடையில நல்லா பேசுறவங்கள நான் நெறைய பாத்துட்டேன்.

ஆர்.டி.ஐ. மனு, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கற மனு, வந்தா அவரு அத எப்படி படிக்கிறாருன்னும் கவனிங்க. 30 நாள்ல பதில் குடுக்கணும்னு சட்டம், அதனால எல்லாரும் தேதியத்தான் பாப்பாங்க. ஆனா ஒரே விஷயத்த பத்தி மூணு மனு வருதுன்னா அந்த செக்ஷன்ல ஏதோ பொகையுதுன்னு அர்த்தம். எங்க சார் பதில் போட்டுட்டு அந்தக் கேள்விய மட்டும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சுக்குவாரு.

சிண்டிகேட், அதான் யுனிவர்சிட்டியோட ஆட்சிக்குழு, அதோட மீட்டிங் உங்க 6 வாரத்துக்குள்ள வருதான்னு கேளுங்க. நம்ம மாநில யுனிவர்சிட்டிங்கள்ல பதிவாளர்தான் அதுக்கு செக்ரட்டரி, உங்கள உள்ள விட மாட்டாங்க, விடவும் கூடாது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் அஜெண்டா தயாராகும்ல, எது உள்ள போகுது, எது அடுத்த மீட்டிங்குக்கு தள்ளிப் போகுது, எது முன்கூட்டியே அனுப்பாம கடைசி நிமிஷத்துல டேபிள் அஜெண்டாவா வருதுன்னு வெளிய இருந்தே பாக்கலாம். முடிஞ்சப்புறம் மினிட்ஸ், அதான் மீட்டிங்ல முடிவானத எழுதி வெக்கற குறிப்பு. மீட்டிங்ல யாரு சத்தமா பேசுனாங்கன்றது மறந்து போயிரும், மினிட்ஸ்ல என்ன வாக்கியம் இருக்கோ அதுதான் நிக்கும். உங்க காலேஜ் ஸ்டாஃப் கவுன்சிலுக்கு நாளைக்கு நீங்கதான் மினிட்ஸ் எழுதப் போறீங்க, அதனால இத விட்டுராதீங்க.

ஒரு நாள் காலையில, இத கண்டிப்பா பண்ணுங்க, ரூமுக்குள்ள போகாம வெளிய பெஞ்சுல போய் உக்காருங்க. பாக்க வர்றவங்க உக்கார்ற பெஞ்சு. 10 மணில இருந்து 1 மணி வரைக்கும். உள்ள இருந்து பாத்தா சார் பொறுமையா ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசுறாரு, எவ்ளோ நல்ல மனுஷன்னு தோணும், வெளிய இருந்து பாத்தா அரூர்ல இருந்து வந்த பெரியவரு ரெண்டரை மணி நேரமா உக்காந்திருக்காரு, இடையில மூணு பேரு அட்டெண்டர்கிட்ட சிரிச்சுட்டு நேரா உள்ள போயிட்டாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. 1997ல சேலத்துலயே யுனிவர்சிட்டி வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்து காலேஜெல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு கீழதான இருந்துச்சு, ஒரு சர்டிஃபிகேட் வேலைன்னா ராத்திரி ரயிலேறி சேப்பாக்கம் போய் நிக்கணும், எங்க அண்ணன் போயிருக்காரு. தூரம் கொறைஞ்சுது, பெஞ்சு கொறையல.

அதே மாதிரி அவரு கோட்டைக்கு போற நாள் வந்தா, நானும் வரட்டுமா சார்னு கேட்டுப் பாருங்க, உங்க செலவுல. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டா விடிகாலையில சென்னை. அங்க உயர்கல்வித் துறையில ஒரு ஃபைலுக்காக உங்க சார் யாரோ ஒருத்தர் ரூம் வாசல்ல உக்காந்திருப்பாரு பாருங்க, இங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கிற ஆளு அங்க பெஞ்சுல இருப்பாரு. அந்த நேரத்துல அவரு எப்படி இருக்காரு, அங்க இருக்கற கிளார்க்குகிட்ட எப்படி பேசுறாரு, திரும்பி வந்து தன் வாசல்ல இருக்கற பெஞ்சப் பாக்கறாரா இல்லையா. நான் பாத்த அதிகாரிங்கள்ல பாதிப் பேரு பாக்க மாட்டாங்க.

கேள்வி கேக்கறத பத்தி ஒண்ணு. 'சார் லீடர்ஷிப்னா என்ன சார்'னு கேட்டுராதீங்க, அவரு பாவம் ஏதாவது பொன்மொழி சொல்லிருவாரு. சாயந்தரம் அஞ்சே முக்கா வாக்குல கூட்டம் எல்லாம் போனப்புறம், 'காலையில மூணாவதா வந்த அந்த ஃபைல ஏன் சார் திருப்பி அனுப்புனீங்க', 'அந்த பிரின்சிபாலுக்கு லெட்டர் போடாம ஏன் போன் பண்ணீங்க'ன்னு குறிப்பா கேளுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டுக்கு மேல வேண்டாம், மனுஷன் வீட்டுக்குப் போகணும்.

இப்ப ஸ்டாஃப் ரூம் விஷயம். இதுலதான் எனக்கு உங்கள நெனச்சா பயமா இருக்கு. நான் பண்ண தப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்த ரெண்டு மாசத்துல ஒரு நாள் பேய் மழை, செமஸ்டர் பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கு, சார் போன்ல தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட 'தேவைப்பட்டா நாளைக்கு தள்ளி வெச்சுரலாமா'ன்னு பேசுறது என் காதுல விழுந்துச்சு. நான் சாயந்தரம் ஆத்தூர்ல இருக்கற எங்க அத்தை பொண்ணுக்கு போன் பண்ணப்ப வாய் சும்மா இல்லாம சொல்லிட்டேன், அவ பொண்ணுக்கு மறுநாள் பரீட்சை. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பரீட்சை இல்லையாம்னு ஊரெல்லாம் பேச்சு. தள்ளி வெக்கவே இல்ல, மழை நின்னுருச்சு. 11 பேரு பரீட்சைக்கு வரல. அந்த 11ல எங்க அத்தை பொண்ணோட மகளும் ஒண்ணு.

மறுநாள் நானே போய் சொன்னேன். சார் என்னைய திட்டல, ஒண்ணுமே சொல்லல. ஆனா அதுக்கப்பறம் ஒரு வாரம், போன் அடிச்சா என்னையப் பாத்து 'ஒரு டீ சொல்லிட்டு வாங்கம்மா'ன்னுவாரு. அந்த வாரம் நான் எத்தன டீ சொன்னேன்னு எனக்கே கணக்கு தெரியாது. அதனால கேம்ப் எங்க, கமிஷன்ல யாருன்னு கேட்டா தெரியாதுன்னு பொய் சொல்லாதீங்க, தெரியும்னு கண்ணும் அடிக்காதீங்க, 'அங்க கேட்டத பேச மாட்டேன்னு சொல்லிட்டுதான் போயிருக்கேன்'னு அடுத்த தடவ போறப்பவே எல்லாரு முன்னாடியும் ஒரு தடவ சொல்லிருங்க. ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாங்க. அடுத்த வருஷம் நீங்க வைஸ் பிரின்சிபாலா உக்காரும்போது, அவங்க வீட்டு சங்கடத்த உங்ககிட்ட வந்து சொல்லலாமா வேண்டாமான்னு இத வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நோட்டுலயும் ஆளுங்க பேரு எழுதாதீங்க, நோட்டு தொலையும், என்னோடது ஒண்ணு பஸ்ல தொலைஞ்சுருக்கு.

மீதி நாள் போறது வேஸ்ட்டான்னு கேட்டதுக்கு, போங்க. போயிட்டு வந்து உங்க காலேஜ்ல அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வராத பசங்க அந்தக் கொறைய மன்னிச்சு பரீட்சை எழுத விடச் சொல்லி குடுக்கற கன்டோனேஷன் அப்ளிகேஷன் இருக்குல்ல, அது ஒண்ண மட்டும் எடுத்து எத்தன டேபிள் சுத்துது, எங்க தூங்குதுன்னு பாருங்க. 6 வாரத்துல கத்துக்கிட்டது இருக்கா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுரும்.

கடைசி நாளுக்கு சால்வ வேண்டாம் தம்பி, அவங்க வீட்ல ஏற்கனவே ஒரு பீரோ நெறைய சால்வதான் இருக்கும். செவ்வாப்பேட்டை வெள்ளிச் சாமானும் வேண்டாம், விலை அதிகமானது எதுவுமே வேண்டாம், உங்க காலேஜ் ஃபைலும் அவரு டேபிளுக்குத்தான் போகுது, அத மறந்துராதீங்க. சாருக்கு ஒரு பக்கத்துல லெட்டர் எழுதுங்க, இன்ன நாள் இன்ன ஃபைல்ல நீங்க இப்படிப் பண்ணீங்க, அதுல நான் இத கத்துக்கிட்டேன்னு. செக்ஷனுக்கு தட்டுவடை செட் வாங்கிட்டுப் போங்க, எல்லாருக்கும் கணக்கு பண்ணி, அட்டெண்டர், வாட்ச்மேன் சேத்து. சட்னிய தனியா கட்டச் சொல்லுங்க, இல்லன்னா போறதுக்குள்ள ஊறிப்போயிரும். நாலு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி கவுன்டர்ல ஆளுங்க நிப்பாங்க.